பதினான்காவது விருப்பம்

“கிடைக்கிறதை முதல்ல எழுதணும். பிடிச்சதைக் கீழே எழுதணும். அப்பத்தான் எதுவும் கைவிட்டுப் போகாது.”

ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும், மகள் பெனிட்டாவின் பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலைத் திறந்து வரிசையை மாற்றினார்.

மறுநாள் சனிக்கிழமை. பட்டியலைத் திருத்த மாலை ஐந்து மணி வரைதான் நேரம். அதன்பிறகு அது தானாகவே பூட்டிக்கொள்ளும்.

சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கிளை நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் பூங்கோதை வருவாள். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்வது அவள் தொழில். மதுரையில் அதற்குக் கட்டணம் உண்டு. இங்கே கிடையாது. அவளுக்கு வயது இருபத்தெட்டு.

ஜெபமணிக்கு நாற்பத்தொன்பது. காலண்டர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். ஏழு சனிக்கிழமைகளாக ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை. நூலகக் கணினியில் ஐந்து வருடக் கட்-ஆஃப் மதிப்பெண்களைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்தச் சான்றிதழை எங்கே வாங்க வேண்டுமென்று காலனியில் எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். அவர் பூங்கோதையை டீச்சர் என்று கூப்பிட்டார்.

அன்று மூன்றரை மணிக்குப் பூங்கோதை பட்டியலைப் பார்த்தாள்.

“கோயம்புத்தூர் காலேஜ் எங்கே?”

“பதினாலாவதா இருக்கு டீச்சர்.”

“போன வாரம் முதல்ல இருந்துச்சே.”

“உணவுத் தொழில்நுட்பம் அங்கே போன வருஷம் நூத்தி எழுபத்தெட்டுல முடிஞ்சிருக்கு. இவளுக்கு நூத்தி எழுபத்தாறரைதான்.”

“இப்ப முதல்ல எது?”

“நம்ம ஊர் காலேஜ். நூத்தி இருபதுக்கே கிடைக்கும். வீட்டுலேருந்து டவுன் பஸ்.”

பூங்கோதை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெனிட்டாவைப் பார்த்தாள்.

“கிடைக்காதுன்னா அதை அவங்க சொல்லட்டும் அக்கா. நாம ஏன் முந்திக்கிட்டுச் சொல்லணும்?” என்றாள் பெனிட்டா.

“வாயப் பாருங்க டீச்சர். ஒன்றரை மார்க்கைக் கோட்டை விட்டுட்டுப் பேசுற பேச்சை.”

“உங்க நோட்டை எடுங்க அண்ணே. போன வாரம் எழுதினதைப் படிங்க.”

ஜெபமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “பட்டியலை மேலேயிருந்து பார்ப்பார்கள். நம் ரேங்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கீழே பார்க்க மாட்டார்கள்.”

“யார் எழுதினது?”

“நான்தான் டீச்சர். எழுதத்தான் செஞ்சேன். ஆனா ஆசைப்பட்டதை மேலே வச்சா, கையில இருக்கிறதும் போயிராதா?”

பூங்கோதை ஒரு தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

“எனக்குப் பசிக்குது. உங்களுக்கும் எதாவது சொல்லுவோம். எதிர்க்கடையில இப்ப என்ன இருக்கோ தெரியாது. வேணுங்கிறதை வரிசையா எழுதிக் கொடுங்க. மேலேயிருந்து பார்த்து, முதல்ல எது இருக்கோ அதைக் கொண்டுவரச் சொல்றேன்.”

ஜெபமணி மணியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுதினார். பன். பஜ்ஜி. உளுந்த வடை.

பூங்கோதை தாளைக் கொண்டுபோய் டீக்கடை மாரிச்சாமியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ஐந்து நிமிடத்தில் மாரிச்சாமி வந்தார். ஒரு கையில் தாளில் சுற்றிய பன். இன்னொரு கையில் தட்டு. தட்டில் நான்கு உளுந்த வடைகள், ஆவி பறக்க.

பன்னை ஜெபமணியிடம் நீட்டினார்.

“அந்த வடை யாருக்கு?” என்றார் ஜெபமணி.

“லைப்ரரியன் சாருக்கு.”

“வடை தீர்ந்திருக்கும்னு நினைச்சேன்.”

“இப்பத்தான் ரெண்டாவது ஈடு எடுத்தேன்.”

“அப்ப எனக்கு அதைக் கொடுத்திருக்கலாமேய்யா.”

“நீங்கதான பன்னுன்னு தலைப்புல எழுதியிருக்கீங்க? அதுக்குக் கீழ நான் ஏன் படிக்கப் போறேன்?” மாரிச்சாமி சிரித்தார். “முப்பது வருஷமா கடை போட்டிருக்கேன். லெட்டர் எழுதி பன்னு வாங்கின ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே.”

பெனிட்டா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மாரிச்சாமி தட்டோடு உள்ளே போனார். ஜெபமணி பன்னைப் பிரிக்கவில்லை.

“சரி டீச்சர். வடையை மேலே எழுதி, வடை இல்லாமப் போயிருந்தா?”

“அப்பவும் இந்த பன் வந்திருக்கும்.”

ஜெபமணி நோட்டைப் புரட்டினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நோட்டை மூடினார்.

மணி நாலைத் தாண்டிவிட்டது.

“அப்பா,” என்றாள் பெனிட்டா.

“இரு.”

“அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கப்பா. நெட் நின்னுபோச்சுன்னா அதுவும் போச்சு.”

“இருன்னு சொல்றேன்ல.”

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கணினிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜெபமணி குரலைத் தாழ்த்தினார். “பஸ்ல ஆறு மணி நேரம் டீச்சர். ஒரு ராத்திரி வெளியே தங்கினது இல்ல.”

“பெனிட்டாவா?”

“அவளும்தான்.”

பூங்கோதை பேனாவை மூடி வைத்தாள்.

“கிடைக்கிறதை முதல்ல எழுதணும்னு நேத்து ஜெராக்ஸ் கடையில ஒருத்தர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஏன்னு இப்பத்தான் தெரியுது.” அவர் பன்னை மேசைமேல் வைத்தார். “வடை இல்லாமப் போனா என்னன்னு கேட்டேன். நான் கேட்க நினைச்சது அது இல்ல டீச்சர்.”

“கேளுங்க அண்ணே.”

“கிடைச்சுட்டா?”

பூங்கோதை கணினியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

“கிடைச்சுட்டா, கொண்டுபோய் விடணும்.”

ஜெபமணி கணினிக்கு முன்னாலிருந்து எழுந்து, நாற்காலியை மகள் பக்கம் தள்ளினார்.

பெனிட்டா அதில் மாறி உட்கார்ந்தாள். பதினான்காவது வரியைப் பிடித்து மேலே ஏற்றினாள். பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று. இரண்டாவதில் ஒருமுறை நின்றாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் இடத்துக்கு ஏற்றிவிட்டு, சேமி என்பதை அழுத்தினாள்.

ஜெபமணி வாசலுக்குப் போய் போனை எடுத்தார்.

“போர்மேன் அண்ணாச்சி, ஜெபமணி பேசுறேன். அடுத்த மாசம் எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்... சீசன்னு தெரியும் அண்ணாச்சி... இல்ல, தேதி இன்னும் தெரியாது.”