தரையில் விழுந்த இலை

கருமுகன் தன் தங்கை பூவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஒரு கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி அவனைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

"ஒரே ஓர் இலை, அண்ணே. அதற்காகவா என்னை இறங்கச் சொல்கிறாய்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றான் கருமுகன்.

பிள்ளைகளே, இதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

மலையடிக் காடு ஒன்றில், ஓடைக்கரையில் பெரிய அத்தி மரம் நின்றது. அதில் வாழ்ந்த குரங்குக் கூட்டத்துக்குக் கருமுகன் தலைவன். எதையும் முன்கூட்டியே யோசிப்பவன் என்று அவனுக்குப் பெயர்.

குரங்குகள் தின்னும் அழகு உங்களுக்குத் தெரியுமே. பாதி வாய்க்குப் போகும், பாதி தரைக்குப் போகும். தரையில் விழுந்ததைப் புள்ளிமான்கள் தின்றன. அதற்காக யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்துகொண்டதில்லை. மான்கள் மரத்தடியில் நின்றன; சிறுத்தையின் வாடை வந்தால் முன்காலால் தரையைத் தட்டின. அந்தச் சத்தம் கேட்டதும் குரங்குகள் உச்சிக்கு ஏறிவிடும். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஆனி பிறந்தும் மழை இறங்கவில்லை. மேகம் வரும், மலைமேல் நிற்கும், போய்விடும். மயிலிடம் கேட்டார்கள். அது தோகையைப் பாதி விரித்தது, பிறகு மடக்கிக்கொண்டது.

"வரலாம். வராமலும் போகலாம்" என்றது.

"இதைச் சொல்ல ஒரு மயில் வேண்டுமா?" என்று பூவி சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. பஞ்சம் வந்திருந்தால்கூட என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். வருமா வராதா என்பதுதான் தெரியவில்லை. மரங்கொத்தி புதுப் பொந்து குடைவதை நிறுத்தியது. அந்தப் பொந்தை நம்பியிருந்த மைனாக்கள் வேறு காட்டுக்குப் பறந்தன. தேனை மிச்சம் பிடிக்கத் தேனீக்கள் ஆண் ஈக்களைக் கூட்டைவிட்டு விரட்டின.

கருமுகனும் யோசித்தான். தரையில் கிடந்த அரைகுறை இலைகள் அவன் கண்ணை உறுத்தின.

"இனிமேல் ஓர் இலையும் கீழே விழக்கூடாது. மிச்சத்தை நம் மரத்துப் பொந்தில் சேர்த்து வையுங்கள். யார் கை தவறி விழுந்தாலும் அவரே இறங்கி எடுத்து வர வேண்டும்" என்று உத்தரவு போட்டான்.

மூன்றாம் நாள், மான்களின் தலைவனான கிளைக்கொம்பன் அண்ணாந்து பார்த்தான்.

"என்னப்பா கருமுகா, மேலே எல்லாருக்கும் வயிற்றுவலியா? ஒன்றுமே விழக் காணோம்!"

"இனி எதையும் வீணாக்குவதில்லை."

"நாங்கள் தின்றது வீணா?"

"கோபித்துக்கொள்ளாதே. மழை வரட்டும், பழையபடி போடுகிறோம்."

"மழை வந்தால் புல் முளைத்துவிடும். அப்போது உன் இலை எனக்கு எதற்கு? இப்போதல்லவா வேண்டும்! இல்லையென்றால் நாங்கள் அக்கரைக்குப் போக வேண்டியதுதான்."

"எங்கள் பாடே எங்களுக்கு நிச்சயமில்லை. நீ போனால் என்ன, எங்களுக்குக் கண் இல்லையா?"

"இருக்கிறது. ஆனால் புதருக்குள் படுத்திருப்பதைக் கண் காட்டாது" என்றான் கிளைக்கொம்பன். மான்கள் வரிசையாக ஓடையைத் தாண்டிப் போயின.

பூவி அவை போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நம்முடைய மூக்கு நடந்து போகிறது."

"பொந்து நிறைந்து வருகிறது. அதைப் பார்" என்றான் கருமுகன்.

உண்மையிலேயே நிறைந்துதான் வந்தது. அவன் தினமும் காலையில் போய்ப் பார்த்து மகிழ்ந்தான்.

எட்டாம் நாள் பூவியின் கையிலிருந்து ஓர் இலை நழுவியது. எல்லாரும் தலைவனைப் பார்த்தார்கள். தங்கைக்கு ஒரு சட்டமா என்று கேட்டுவிடுவார்களே! அவன் தரையைக் காட்டினான். அப்போதுதான் அவள் அந்தக் கேலியைச் சொன்னாள். சொல்லிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டே இறங்கினாள்.

மரத்தில் அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. காய்ந்த புதர் காய்ந்த புதராகவே தெரிந்தது. தரையைத் தட்ட ஒரு காலும் அங்கே இல்லை.

சிறுத்தை ஒரே ஒரு முறைதான் பாய்ந்தது.

அடுத்த ஐந்தாம் நாள் மழை கொட்டியது. மயில் தோகையை முழுதாக விரித்து, எல்லாம் முன்பே தெரிந்ததுபோல ஆடியது. சில நாள் கழித்துக் கருமுகன் தன் கையாலேயே கொழுந்துக் கிளைகளை ஒடித்து ஒடித்துக் கீழே போட்டான்.

"கிளைக்கொம்பா! வா, வந்து தின்னு!" என்று கத்தினான்.

அக்கரையிலிருந்து பதில் வந்தது. "இங்கே புல் நன்றாக முளைத்திருக்கிறது, கருமுகா. இங்கேயே இருந்துவிடுகிறோம். ஆமாம், பூவி எங்கே? அவள் சிரிப்பையே காணோமே?"

கருமுகன் இன்னொரு கிளையை ஒடித்துக் கீழே போட்டான்.

பொந்தில் சேர்த்த இலைகள் மழையில் ஊறி அழுகிவிட்டன. அத்தி மரத்தில் மட்டும் இலைக்கு ஒரு குறையும் இல்லை.

நீதி: நாளை என்ன ஆகுமோ என்ற பயத்தில் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம், நம்மைக் காத்து நிற்பவர்க்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கக் கூடாது.