மாரிக்கண்ணு வீட்டுக் கூரை

புயல் கரையைக் கடந்த மறுநாள். மடத்துக்குள்ள நுழையும்போதே அகோரம் கத்திக்கிட்டுத்தான் வந்தான்.

"ஊருச் சனமெல்லாம் ரோட்ட மறிச்சு உக்காந்திருக்குதுங்கம்மா! நிவாரணம் வேணுமாம். கையும் காலும் நல்லாத்தான இருக்கு? அதை நீட்டிப் பிச்சை வாங்க வெக்கமா இல்ல?"

அவனோட குரு ஞானம்மா, உடைஞ்சு கெடந்த ஓட்டுத் துண்டையெல்லாம் கூட்டித் தள்ளிக்கிட்டிருந்தாங்க. மடத்துக்கும் பாதிக் கூரை இல்ல.

"நீ என்ன செய்யப் போற?"

"செஞ்சு காட்டுறேன், பாருங்க."

சொன்னா செய்வான். அவன் வாய்க்கு ஊரே பயப்படும். கையும் அதுக்குச் சளைச்சதில்ல. காலேஜ் கூட்டாளிங்களக் கூட்டிக்கிட்டு நேரா மாரிக்கண்ணு குடிசைக்குப் போனான். உப்பளத்துல வேலை பாக்குற பொம்பள, தனி ஆளு. அவ கூரையப் புயல் அப்படியே தூக்கிட்டுப் போயி, பக்கத்துப் பனமரத்துல மாட்டி வச்சிருந்துச்சு. பயலுவ கெடைச்ச தென்னங்கீத்தெல்லாம் சொமந்துட்டு வந்து, பொழுது சாயறதுக்குள்ள கூரை வேஞ்சு முடிச்சிட்டானுவ.

மாரிக்கண்ணு ஏணிகிட்ட வந்து ஏதோ சொல்ல வாயத் தொறந்தா.

"நன்றியெல்லாம் வேணாங்க்கா. நகரு"ன்னு குதிச்சு எறங்குனான் அகோரம்.

விடிஞ்சதும் வி.ஏ.ஓ. வந்தாரு. தெருவுல நடந்துகிட்டே நிவாரணத்துக்குக் கூரை போன வீட்டையெல்லாம் எழுதுனாரு. மாரிக்கண்ணு வீட்டத் தாண்டிப் போயிட்டாரு.

அவ பின்னாடியே ஓடுனா. "சார், உள்ள செவுரு பூரா கரைஞ்சு போச்சு சார். என் கூரை அந்தா, பனமரத்துல கெடக்கு பாருங்க."

"நான் வீட்டத்தாம்மா பாப்பேன், மரத்தப் பாக்க மாட்டேன். அதான் புதுக் கூரையே போட்டாச்சே, இன்னும் என்ன?"

மாரிக்கண்ணு மடத்துக்கு வந்தா. அழல. அதுதான் அகோரத்துக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.

"கீத்து இந்த மழைக்குத் தாங்கும் தம்பி. அந்தப் பணம் வந்திருந்தா செவுரு வச்சிருப்பேன். அதைத்தான் நேத்து சொல்ல வந்தேன். நகரச் சொல்லிட்ட."

சுருக்குன்னுச்சு அவனுக்கு. ஆனா வாய் விடுமா?

"பிச்சைக் காசுக்கா இந்தப் பாடு? சொந்தக் கால்ல நிக்கப் பழகுக்கா!"

ஞானம்மா தொடப்பத்தச் சாத்தி வச்சாங்க. மாரிக்கண்ணு காதுல ஏதோ கேட்டாங்க. அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. பெறகு சரின்னு தலைய ஆட்டுனா.

அடுத்து நடந்தத ஊரே வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துச்சு. மாரிக்கண்ணு குடிசைக்குப் போயி, காவிச் சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஞானம்மா ஏணியில ஏறுனாங்க. அருவாள எடுத்து, கட்டுன கயித்த அறுத்தாங்க. மொதக் கீத்து அகோரத்தோட காலடியில வந்து விழுந்துச்சு.

"அம்மா! பித்து புடிச்சிருச்சா உங்களுக்கு?"

"கிழியாம ஓரமா அடுக்கு."

"என் கையெல்லாம் கொப்புளம்மா! பாருங்க!"

அடுத்த கீத்து விழுந்துச்சு.

"இது பித்தலாட்டம்! மடத்து அம்மாவே அரசாங்கத்த ஏமாத்தலாமா?"

கடைசிக் கீத்தும் எறங்குனதும் மாரிக்கண்ண மடத்துக்கு அனுப்பிட்டு, ஞானம்மா அந்த மொட்டைக் குடிசைக்கு நடுவுல போயி உக்காந்தாங்க. மழ புடிச்சுக்கிச்சு. அவங்க அசையல. அகோரம் வெளியில நின்னு நனைஞ்சான். உள்ள போகவும் தைரியமில்ல, வீட்டுக்குப் போகவும் காலு வரல.

அடுத்த தெருவ முடிச்சிட்டுத் திரும்பி வந்த வி.ஏ.ஓ. திகைச்சுப் போயி நின்னாரு.

"என்னம்மா நீங்க போயி இங்க... காலைல இதுல கூரை இருந்துச்சே?"

"காலைல நீங்க பாத்தது இவன் கூரை. மாரிக்கண்ணு கூரை அந்தா தொங்குது."

அவரு பனமரத்தப் பாத்தாரு. உள்ள எட்டி, கரைஞ்ச செவுத்தப் பாத்தாரு. குடையத் தோள்ல இடுக்கிக்கிட்டு எழுதுனாரு.

அவரு போன பெறகு அகோரம் குடிசை வாசல்ல வந்து நின்னான்.

"அப்ப நான் செஞ்சது தப்பு. கை நீட்டுறதுதான் சரி. அப்படித்தானம்மா?"

"மாரிக்கண்ணு உன்கிட்ட கை நீட்டுனாளா?"

"இல்லியே. நானாத்தான் போயி..."



ஞானம்மா முந்தானையப் பிழிஞ்சுக்கிட்டே எந்திரிச்சாங்க. அடுக்கி வச்ச கீத்துல ஒண்ண எடுத்து அவன் கையில குடுத்தாங்க.

"மழ வலுக்குது. வேயணும்."

அவன் ஒண்ணும் புரியாம ஏணியில கால வச்சான்.

"அங்க எங்க ஏறுற? மொதல்ல மடத்துக்குப் போ. அவகிட்ட கேட்டுட்டு வந்து ஏறு."