மருதாயியின் நீளும் தூண்டில்

ஆறுகளுக்குப் பெயர் வைக்காத காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மருதாயி என்று ஒரு மீன்காரி இருந்தாள். மீன் பிடிப்பதில் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொள்வதில் அதைவிடக் கெட்டிக்காரி. அவள் ஒரு கெண்டை பிடித்தால் ஊருக்கே மூன்று முறை தெரிந்துவிடும்.

ஊருக்கு மேலே, பாறைகளுக்கு நடுவே ஒரு மடு இருந்தது. மடு நிறைய வாளை மீன். வலை போட்டால் முதலை கிழித்தது. குட்டைக் கோல் நடு மடுவை எட்டவில்லை. நெட்டைக் கோலோ, அங்கே போகும் பாறை இடுக்கின் வளைவில் திரும்பவில்லை. அது முதலைக்குப் படைத்த மீன் என்று ஊரே கைவிட்டுவிட்டது.

மருதாயி விடவில்லை. மூங்கிலுக்குள் மூங்கில், அதற்குள் இன்னொரு மூங்கில் என்று, இழுத்தால் நீண்டு, தட்டினால் ஒடுங்கும் தூண்டில் கோல் ஒன்றைத் தன் வீட்டிலேயே செய்யத் தொடங்கினாள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கணுக்களைத் துளைத்தாள். முதல் கோலை வீசியபோது உள்மூங்கில் பறந்துபோய் மடுவில் விழுந்தது. இரண்டாவது கோலைப் பச்சை மூங்கிலில் செய்தாள். அது காய்ந்து சுருங்கியதும் துண்டுகள் ஒன்றில் ஒன்று நிற்காமல் கழன்றன. மூன்றாவதுக்கு அடுப்புப் புகையில் காய்ந்த மூங்கிலை எடுத்தாள். ஒவ்வொரு துண்டின் அடியையும் பருமனாக விட்டு, அதன் வெளித்துண்டின் வாயைக் குறுகலாக வைத்தாள். இழுத்ததும் அடி வந்து வாயில் இறுகியது. கோல் நின்றது.

அன்று பிடித்த வாளையைத் தூக்க அவளுக்கு இரண்டு கை போதவில்லை. பெருமை பிடிபடவில்லை. பெருமைப்பட்டால் என்ன, தகும்தானே? எந்த மூங்கில், எந்தக் கம்பி, எப்படித் துளைத்தேன் என்று தெருத்தெருவாகச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுச் சேந்தன் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டான். ஒரு நாளைக்கு என்று கோலை இரவல் வாங்கிப் போய், நேரே அரசன் முன் நீட்டினான். தானே செய்தது என்றான். அரசன் இழுத்துப் பார்த்தான், ஒடுக்கிப் பார்த்தான், மறுபடி இழுத்தான், குழந்தையாகவே ஆகிவிட்டான். இதைச் செய்தவருக்கே அந்த மடு சொந்தம், வேறு யாரும் அங்கே தூண்டில் போடக்கூடாது என்று அறிவித்தான்.

செய்தி கேட்டு மருதாயி விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மடு போனால் அவளுக்குப் பிழைப்பும் போகும், பெயரும் போகும். கோலைச் செய்த விதத்தை அரசனிடம் சொன்னாள். சேந்தனும் அதையே அட்சரம் பிசகாமல் சொன்னான். தவளை தன் வாயால் கெட்ட கதையாயிற்றே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

அரசன் கோலை இருவருக்கும் நடுவே வைத்தான்.

"இந்தக் கோலில் என்ன குறை?" என்று கேட்டான்.

சேந்தன் முந்திக்கொண்டான். "குறையா? எங்கே தொட்டுப் பார்த்தாலும் கிடைக்காது, மகாராசா. வெளித்துண்டிலே அரக்கால் சிவப்புப் பட்டைகூடப் போட்டிருக்கேன், அழகுக்கு."

மருதாயி அந்தப் பட்டையைப் பார்த்தாள். ஊரிடம் அவள் சொல்லாதது அது ஒன்றுதான். சொன்னால் இத்தனை நாள் பீற்றிக்கொண்டதெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்துவிடுமே என்று தயங்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அது அழகுக்கில்லே, மகாராசா. துளைக்கும்போது என் கை தவறி அந்த மூங்கில் வெடிச்சுப் போச்சு. நூலைச் சுத்தி, அரக்கு வெச்சு மூடினேன். இன்னும் ரெண்டு பெரிய மீன் இழுத்தா, அந்த இடத்திலேதான் ஒடியும்."

அரசன் அரக்கைச் சுரண்டச் சொன்னான். அரக்குக்கு அடியில் நூல், நூலுக்கு அடியில் வெடிப்பு. சேந்தனின் கண்கள் வாசலைத் தேடின.

மடு மருதாயிக்கே என்று தீர்ப்பாயிற்று. "வெடித்த கோலுக்கா இவ்வளவு பெருமை பேசினாய்?" என்று அரசன் சிரித்தான்.

"பேசுவேன், மகாராசா. எங்கே ஒடியும்னு தெரிஞ்சவதானே ஒடியாத கோலைச் செய்ய முடியும்?"

செய்தும் காட்டினாள். பிறகு தெருத்தெருவாகப் பேசவும் பேசினாள், முன்பைவிட உரக்க. இந்த முறை வெடிப்பையும் சேர்த்துச் சொன்னாள்.

கதை கேட்டவர்களே, தன் வேலையின் குறையைத் தானே அறிந்து துணிந்து சொல்பவருக்குத்தான் அந்த வேலையைப் பற்றிப் பெருமைப்பட உரிமை உண்டு.