கரையைக் கட்டியவர்கள்

ஓர் ஊரில் ஓர் ஏரி இருந்தது. ஊரைவிட ஏரி பெரியது. ஏரியைவிடப் பெரியது அதன் கரையின் பெருமை.

"என்னைக் கட்டியவன் ஒரு ராஜா" என்று கரை தினமும் சொல்லும்.

"எந்த ராஜா?" என்று கேட்கும் மதகு.

"பெயரா முக்கியம்? யானைமேல் வந்தான்."

அந்த ஊரில் ஒரு வழக்கம். தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கூடை மண் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும். கூட வரும் உறவுக்காரர்களும் வெறுங்கையோடு வரக் கூடாது. கரைக்கு அது பிடிக்காது. "ராஜா கட்டிய உடம்பில் கண்டவர் மண்ணா?" என்று முகம் சுளிக்கும்.

அந்த ஐப்பசியில் ஏரி தளும்பியது. ஒரு நண்டு கரையைக் குடைந்து ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே தண்ணீரும் கசிந்தது.

கரை பதறிப்போய்ப் புல்லிடம், "கொஞ்சம் மூடிக்கொள். வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்றது.

"மூடினால் நாளைக்கு நீ இருக்க மாட்டாய். ஊரும் இருக்காது."

"ராஜா கட்டியது உடையாது."

நண்டு சிரித்தது. "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை குடைந்துவிட்டேன். ராஜா எங்கேயும் தட்டுப்படவில்லை. கூடை கூடையாகக் கிடக்கிறது. ஒன்றில் செம்மண், ஒன்றில் வண்டல், ஒன்றில் உடைந்த வளையல். மஞ்சள் வாசனைகூடப் போகவில்லை."

தான் யார் என்று அதுவரை கரை தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. ஒரு கல்யாணக் கூட்டம் மண்கூடைகளோடு ஏறி வந்தது.

"மூடவா?" என்றது புல்.

"விலகிக்கொள்."

புல் தலை சாய்ந்தது. புதுப்பெண் அஞ்சலையின் கால் கணுக்கால்வரை சேற்றில் இறங்கியது.

"மாமா, இங்க ஊறுது."

"பார்த்துக் கால் வைக்கத் தெரியலைன்னு சொல்லேன்" என்றான் மாப்பிள்ளை ஏழுமலை.

"உங்க ஊர்க் கரை ஒழுகுதுன்னு சொல்றேன். வந்த மொத நாளே நீச்சல் அடிக்கணுமா?"

"வாய்க்காரிதான்டா தம்பி" என்று சிரித்த நாத்தனார், குனிந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

மேளம் நின்றது. நண்டு வீட்டைக் காலி செய்து ஓடியது. பட்டுவேட்டிகள் தண்ணீரில் இறங்கி அதன் வாசலை அடைத்தன. கூடைகள் கை மாறின. சமையற்காரர்கூட அண்டாவில் மண் சுமந்து வந்தார். பந்தியில் சோறு ஆறிப்போனது. கரை நின்றது.

சாயங்காலம் புதிதாக ஒரு நாரை வந்து இறங்கியது. "நல்ல கரை. யார் கட்டியது?"

ராஜா கதைதான் வரப்போகிறது என்று மதகு காதைப் பொத்திக்கொண்டது.

"இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்றது கரை. "அடுத்த முகூர்த்தம் கார்த்திகையில்."