கல்கி ஏறிய உப்புக்குதிரை

நம் பாட்டனுக்குப் பாட்டன் பல் முளைக்காமல் இருந்த காலத்தில் மருதங்காடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மலைக்கொழுந்து ராஜா. புகழ்ந்து பேசினால் தன் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுப்பார். ஆசை வந்தாலோ அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டார்.

ஒருநாள் வெளியூர்ப் புலவர் ஒருவர் அவரை "இந்திரனே!" என்று பாடி, முத்துமாலையைத் தட்டிக்கொண்டு போனார். அரண்மனைப் புராணிகர் வேங்கடேசருக்கு வயிறு எரிந்தது. மறுநாளே சபையில் ஏட்டை விரித்தார்.

"மகாராஜா, இந்திரன் என்ன பெரிய இந்திரன்! கலி முற்றும்போது பெருமாள் கல்கியாக அவதரிப்பார், கையில் வாளோடு வெள்ளைக் குதிரையில் வந்து கொடிய அரசர்களை அழிப்பார் என்று புராணம் சொல்கிறது. அந்தக் கல்கி தாங்களேதான்!"

"நானா?"

"சந்தேகமே வேண்டாம். வாள் இருக்கிறது. வலது தோளில் மச்சமும் இருக்கிறது."

"மச்சம்கூடவா புராணத்தில் வருகிறது?"

"அடுத்த ஏட்டில் வருகிறது, மகாராஜா."

ராஜாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. லாயத்தில் தேடினால் கறுப்பும் செம்பட்டையும்தான் நின்றன. நாடு முழுக்க இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. அது சீனியம்மாளுடையது. பெயர்தான் சீனி, விற்பது உப்பு. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டதும் துணைக்கு நின்றதும் வெள்ளைச்சாமி என்ற அந்தக் குதிரைதான். சேவகர்கள் வந்தார்கள், மூட்டைகளைத் தெருவில் தள்ளினார்கள், குதிரையை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினாள். கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் கல்கி பவனி. கிரீடமும் உருவிய வாளுமாக ராஜா குதிரைமேல் ஏறினார். மேளம் முழங்கியது. வெள்ளைச்சாமி பத்தடி நடந்தது, முதல் வீட்டு வாசலில் நின்றது. ராஜா குதிகாலால் இடித்தார். அசையவில்லை. நிற்க வேண்டிய நேரம் நின்றுவிட்டு, அடுத்த வாசலுக்குப் போய் மறுபடி நின்றது. எட்டு வருஷப் பழக்கமல்லவா!

மூன்றாவது வீட்டில் குளம்புச் சத்தம் கேட்டு ஒருத்தி குனிந்தபடியே முறத்தை நீட்டினாள். "சீனியக்கா, ரெண்டு படி போடு. போன வாரம் போட்டது ஒரே ஈரம்." சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மேலே கிரீடம்! முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ராஜா சபைக்குத் திரும்பியதும் கத்தினார். "கொண்டு வாருங்கள் அந்த உப்புக்காரியை!"

சீனியம்மாள் வந்து நின்றாள்.

"உன் குதிரை வாசலுக்கு வாசல் நின்று என் மானத்தை வாங்குகிறது. நாளைக்குள் அதை ஓட வை. இல்லாவிட்டால் சாட்டையடி!"

"குதிரைக்கா, எனக்கா மகாராசா?"

"இரண்டு பேருக்கும்!"

அவள் ராஜாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஓட வச்சிரலாம் மகாராசா. போற எடத்தை மட்டும் சொல்லுங்க. எந்த ராசாவை அழிக்கப் போறீக?"

ராஜா புராணிகரைப் பார்த்தார். "வேறு யார், பக்கத்து வேங்கைநாட்டு ராஜாதான்" என்றார் புராணிகர்.

"சாமி, கோயில் மண்டபத்துல நீங்க கதை சொல்லுறப்ப மூட்டையில சாஞ்சு கேட்டிருக்கேன். அழிக்க வேண்டிய ராசாவுக்கு ஒரு அடையாளம் சொல்லுவீகளே, அதைக் கொஞ்சம் வாசிங்க."

வாசிக்கச் சொன்னால் புராணிகருக்கு உலகமே மறந்துபோகும். ராகம் இழுத்துத் தொடங்கினார். "கலி முற்றும்போது அரசர்களே திருடர் ஆவார்கள்... காக்க வேண்டியவர்களே ஏழையின் பொருளைப் பிடுங்கு..." கடைசிச் சொல்லை முடிக்காமலே ஏட்டை மூடினார்.

சீனியம்மாள் கைகூப்பினாள். "வேங்கைநாட்டுக்கு மாசம் ரெண்டு தடவை போறேன் மகாராசா. உப்பை வாங்கிக்கிட்டு நெல்லு அளந்து குடுக்காக. குதிரைக்குத் தண்ணியும் காட்டுதாக. அங்க அந்த அடையாளம் இல்ல. நம்ம நாட்டுலயும் நேத்து வரைக்கும் இல்ல."

"நேற்று என்ன நடந்தது?"

"என் வெள்ளைச்சாமியைப் புடுங்கிட்டு வந்தாக."



"கல்கி ஏறணும்னுதானே புடுங்குனீக? புடுங்குன நிமிசமே கல்கி அழிக்க வேண்டிய ராசாவும் நீங்கன்னு ஆயிப்போச்சு. மேல உக்காந்திருக்கதும் நீங்க, கீழ மிதிபட வேண்டியதும் நீங்க. வாயில்லாச் சீவன் எந்தப் பக்கம் போகும்? அதான் நின்னுருச்சு."

ராஜாவின் முகம் சிவந்தது. புராணிகர் பக்கம் திரும்பினார். "ஏட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா?"

ஆமாம் என்றால் ராஜா திருடர். இல்லை என்றால் இவர் மண்டபத்தில் இத்தனை நாளும் சொன்னது பொய். "அது வந்து... மகாராஜா... அடுத்த ஏட்டில்..."

"என் மச்சம் வருகிற ஏடுதானே? காட்டும்!"

அடுத்த ஏட்டில் ஓர் எழுத்துகூட இல்லை.

ராஜா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெருவே சிரித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதுதான் வெட்கமாக இருக்கிறது, அம்மா. உன் குதிரையை ஓட்டிக்கொண்டு போ. தெருவில் கொட்டிய உப்புக்கு இதை வைத்துக்கொள்" என்று காதில் கிடந்த கடுக்கனைக் கழற்றிக் கொடுத்தார். "புராணிகரே, உமக்கு நல்ல குரல். மூன்று மாதம் இந்தக் குதிரைக்கு முன்னால் நடந்து உப்புக் கூவும்."

சீனியம்மாள் வாசலைத் தாண்டும்போது ராஜா மெல்லக் கூப்பிட்டார். ஆசை முழுசாகப் போகவில்லை போலிருக்கிறது. "அப்போ நிஜக் கல்கி வந்தால் எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

"அவரு குதிரையை அவரே கொண்டாருவாரு மகாராசா" என்றாள் அவள்.

அதற்குள் வெள்ளைச்சாமி முதல் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. புராணிகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உப்போ... உப்பு!"