மழை பைனலில் போட்ட சட்டை

கால்பந்து கிளப்புத் தலைவர் இக்னேசியஸ் ஒரு காலத்தில் பேர்போன ஆட்டக்காரர். "நான் பெரிய ஆட்டக்காரனா, வெத்துப் பேரா?" என்று எல்லாரையும் கேட்பார். பெரிய ஆட்டக்காரர் என்று சொன்ன காவல்காரரை ஜால்ரா என்று துரத்தினார். வெத்துப் பேர் என்று சொன்ன சமையல்காரரையும் துரத்தினார்.

அன்றைக்குச் சட்டை துவைக்கும் சலேத்தம்மாள் மாட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, நீ சொல்லு!"

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சுவரில் கண்ணாடிக்குள் தொங்கிய வெள்ளைச் சட்டையைக் காட்டினாள்.

"ஐயா, இது கொட்டுற மழையில ஆடின பைனலில நீங்க போட்டதுதானே?"

"ஆமா! துவைக்காம அப்படியே மாட்டினேன்."

"அன்னைக்கு மத்த பத்துப் பேரு சட்டையையும் நான்தான் துவைச்சேன். சேறு போக மூணு நாளாச்சு. இதுல மட்டும் ஏங்கய்யா ஒரு பொட்டுச் சேறுகூட இல்ல?"

சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளைத் துரத்தினால் ஊரே காரணம் கேட்கும்.

சலேத்தம்மாள் தப்பித்தாள். சட்டைதான் சுவரைவிட்டு இறங்கியது.