மிதமானது

மலை உச்சியில் இருந்த நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபத்துமூன்று. கீழே ஊரார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

குரு பூங்கோதை. சீடர் நமசிவாயம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் மனைவி விசாலம் வடக்கே யாத்திரை போனவள். தங்கியிருந்த பழைய சத்திரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. அவள் திரும்பவில்லை. வாத்தியார் வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி, "எனக்கு நிலம் ஆடறதை வாசிக்கக் கத்துக் கொடுங்கம்மா" என்று வந்து நின்றார்.

எட்டு மாதம் கற்றார். செருப்பை வெளியே கழற்றிப்போட்டு, பூனை மாதிரி நடந்து, நடுக்கத்தை முள் கோடாக எழுதும் உருளையின் தாளைத் தினம் காலையில் மாற்றினார். அந்த முள் பொல்லாதது. பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தாலே எழுதிவிடும்.

ஒரு நாள், விசாலம் இறந்த தேதியின் தாளை அவரே தேடி எடுத்துவிட்டார். அத்தனை தூரம் கடந்து தேய்ந்து வந்த, விரற்கடை உயரம்கூட இல்லாத ஒரு நெளிவு. பதிவேட்டில் பூங்கோதையின் கையெழுத்து: "ரிக்டர் 5.6. மிதமானது."

"மிதமானதாம்மா?"

"அந்த அளவுக்கு அதுதான் பேருங்க ஐயா. ஒரு எண் கூடினா ஆட்டம் பத்து மடங்கு. எட்டைத் தொடறது வருஷத்துக்கு ஒண்ணு வந்தா உண்டு. இது மாதிரி உலகத்துல வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல வருது."

ஒரு நாளைக்கு மூன்று, நாலு. வாத்தியாரின் பாவி மனசு அப்போதும் வகுத்துப் பார்த்தது.

"அந்தச் சொல்லை அடிச்சிடுங்க. இல்லேன்னா இப்பவே இறங்கிடறேன். திரும்ப வரமாட்டேன்."

"அடிக்க முடியாதுங்க."

வாத்தியாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலைத் தரையில் ஓங்கி உதைத்தார். முள் துள்ளியது. எழுந்த கோடு, விசாலத்தைக் கொன்ற கோட்டைவிட நாலு மடங்கு உயரம். அதைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பூங்கோதை ஆறுதல் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்து வந்தார்.

"முள் அளக்கறது நிலத்தை. ஒரு நடுக்கத்துக்கு ஒரே எண். இது வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதறது. வீட்டுக்கு வீடு மாறும். ஒண்ணுலேருந்து பன்னிரண்டு வரைக்கும். சொல்லுங்க, தொங்கற விளக்கு ஆடிச்சா?"

"எங்க வீட்லயா? இல்ல."

"பாத்திரம் விழுந்துதா?"

"இல்ல."

"சுவர் விரிஞ்சுதா?"

"ஒரு கீறல் இல்லம்மா."

"வீடு குடியிருக்கத் தகுந்ததா இருக்கா?"

வாத்தியாரின் கை பைக்குள் போனது. சாவி அவர் பையின் அடியில் எட்டு மாதமாகக் கிடந்தது.

"இல்லம்மா."

பூங்கோதை படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"விதிப்படி பார்த்தா ஒண்ணு. ஆனா அந்த வீட்ல நான் இல்ல. நீங்களே போடுங்க."

வாத்தியார் பன்னிரண்டு என்று எழுதினார். அதுவும் அவருக்குப் போதவில்லை.

"இதுக்கு மேல எண் இல்லையாம்மா?"

"இல்லைங்க ஐயா. பன்னிரண்டுன்னா ஒண்ணுமே மிஞ்சலைன்னு அர்த்தம். அந்த மாதிரி வீட்லேருந்து இதை எழுத இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. நீங்க வந்து உக்காந்திருக்கீங்க."